கணவர் வெளியூரில், கையில் இரண்டு வாண்டுகள்: தெரியாத நகரத்தைச் சுற்றுவது எப்படி?

மழைத்துளி:
இருப்பது வெளிநாட்டு நகரம். கணவர் வேலையாக ஐந்து நாள் வேறு ஊருக்குப் போகிறார். நான், 4 வயது மகள், ஒன்றரை வயது மகன். அறையிலேயே அடைந்து கிடக்க முடியாது. மெட்ரோவில் மூன்று பேரும் போய்வர முடியுமா? மகள் நடப்பாள், திடீரென்று ஓடவும் செய்வாள். மகன் மதியம் 12.30க்குத் தூங்குவான். ஸ்ட்ரோலரா (குழந்தைத் தள்ளுவண்டி), கேரியரா (குழந்தையை உடம்போடு கட்டிச் சுமக்கும் பை)?

வழிப்போக்கன்:
இரண்டும். ஒரே கையால் மடிக்க வருகிற 6, 7 கிலோ ஸ்ட்ரோலர் போதும். கேரியர், லிஃப்ட் வேலை செய்யாத நாளுக்கு: மகனை மார்போடு கட்டிக்கொண்டு, மடித்த வண்டி ஒரு கையில், மகள் மறு கையில். எஸ்கலேட்டரில் ஸ்ட்ரோலரை ஏற்றவே வேண்டாம். கைப்பிடியில் கனமான பையைத் தொங்கவிட்டால், குழந்தையைத் தூக்கிய நொடியே வண்டி பின்பக்கம் சாயும். கனமெல்லாம் கீழ்க்கூடையில்.

மெட்ரோ கதவில்தான் கவனம் வேண்டும். ஸ்ட்ரோலரின் முன்சக்கரம் எப்பக்கமும் திரும்பும். பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள சந்தில் குறுக்காகத் திரும்பி மாட்டிக்கொள்ளும். ஏறும்போது கைப்பிடியை அழுத்தி, முன்சக்கரத்தைத் தூக்கி உள்ளே வையுங்கள். இறங்கும்போது வண்டியைத் திருப்பி, பின்சக்கரம் முதலில் வரும்படி பின்னோக்கி இறங்குங்கள். அப்போது உங்கள் இரண்டு கையும் வண்டியில்தான் இருக்கும். அதனால் மகளின் மணிக்கட்டையும் உங்களுடையதையும் இணைக்கிற வார் ஒன்று வாங்கிவிடுங்கள். பார்க்கிறவர்கள் முறைத்தால் முறைக்கட்டும். கதவு மூடும் ஒலி கேட்டுவிட்டால் ஏறாதீர்கள்.

ஆலமரத்தடி:
ஒரு நாளைக்கு ஓர் இடம், அவ்வளவுதான். அலுவலக நெரிசல் அடங்கியதும் 9.30க்குக் கிளம்பி, 11.30க்கெல்லாம் திரும்பத் தொடங்குங்கள். 12 மணிக்கு வண்டியிலேயே கால் மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டால், அறைக்கு வந்தபின் பையன் தூங்க மாட்டான். அன்றைய சாயங்காலம் போச்சு.

கழிப்பறைதான் நிஜமான தலைவலி. சாதாரண அறைக்குள் ஸ்ட்ரோலர் நுழையாது, வெளியே விட்டுப் போகவும் முடியாது. மாற்றுத்திறனாளிகளுக்கான பெரிய அறையோ, டயப்பர் மாற்றும் அறையோ எங்கே என்று கிளம்புமுன்பே மேப்பில் குறித்துக்கொள்ளுங்கள். மகளை அவள் கேட்கும்போது அல்ல, கிளம்புமுன் ஒரு தடவை, போய்ச் சேர்ந்ததும் ஒரு தடவை கூட்டிப்போங்கள். அருங்காட்சியகம் என்றால் விடுமுறை நாளைப் பாருங்கள். பல இடங்களில் திங்கள் மூடியிருக்கும். முதுகில் சுமக்கும் கேரியரைச் சில இடங்களில் உள்ளே விடமாட்டார்கள்.

கணக்குப்பிள்ளை:
கணவர் கிளம்புமுன் முடிக்க வேண்டியவை. குழந்தைகளின் பாஸ்போர்ட், காப்பீட்டுத் தாள் அவர் பெட்டியோடு போய்விடக் கூடாது. அறை அவர் பெயரில் மட்டும் இருந்தால் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். சாவி அட்டை வேலை செய்யாமல் போனால் வரவேற்பில் புதிது தர மறுக்கலாம். கார்டின் ஓடிபி யார் போனுக்கு வருகிறது? அவருக்கு என்றால், அவர் விமானத்தில் இருக்கும் நேரத்தில் உங்களால் ஆன்லைனில் ஒரு டிக்கெட்கூட வாங்க முடியாமல் போகலாம். உங்கள் எண்ணில் ஒரு கார்டும் கொஞ்சம் ரொக்கமும் கட்டாயம். குழந்தைகளோடு நீங்கள் தனியாக எல்லை தாண்டுவதாக இருந்தால், அவருடைய சம்மதக் கடிதம் நோட்டரி கையெழுத்துடன் கேட்கப்படலாம்.

காய்ச்சல் மருந்தில் ஜாக்கிரதை. பாரசிட்டமால் ஒரு வேளைக்கு வழக்கமான அளவு எடைக்குக் கிலோவுக்கு 15 மி.கி, 10 கிலோ குழந்தைக்கு 150. ஆனால் சிரப்பின் செறிவு நாட்டுக்கு நாடு மாறும். 5 மி.லியில் 120 மி.கி உள்ள பாட்டிலில் அது 6.25 மி.லி, 250 உள்ளதில் 3 மி.லிதான். பழகிய அளவை அப்படியே ஊற்றினால் இரண்டு மடங்கு போய்விடும். உங்கள் மருத்துவரிடம் கேட்டு, மி.கி கணக்கில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மழைத்துளி:
ஓடிபி எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. எந்த ஸ்டேஷனில் லிஃப்ட் உண்டு என்று எப்படிப் பார்ப்பது?

வழிப்போக்கன்:
கூகுள் மேப்ஸில் பொதுப் போக்குவரத்து வழி தேடும்போது, சக்கர நாற்காலிக்கு ஏற்ற வழி என்ற தேர்வு இருக்கும், அதைப் போடுங்கள். பழுதான லிஃப்டை அது காட்டாமல் போகலாம், ஆகவே கிளம்பும் காலையில் மெட்ரோவின் சொந்தத் தளத்தையும் ஒரு பார்வை பாருங்கள். இறங்கும் ஸ்டேஷனில் லிஃப்ட் இல்லையா, அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நடந்து வருவதே மேல்.