லாரில ரெண்டு பேட்டரில ஒண்ணு மட்டும் அடிக்கடி போகுது, வீட்டு வாசல்லயே மாத்திக்கலாமுங்களா?

சங்ககிரி_பத்துவீல்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. சொந்த வண்டி, 2018 மாடல் பத்து வீல், நானே ஓனர் நானே டிரைவர். சேஸிஸ் ஓரத்துல பெட்டிக்குள்ள ரெண்டு 12 வோல்ட் பேட்டரி, சீரியல்ல, அதாவது ஒண்ணோட பிளஸ்ஸை இன்னொன்னோட மைனஸ்ல கட்டி 24 ஆக்கியிருக்குது, பெரிய லாரி பெரும்பாலும் அப்படித்தானுங்களே. என் பிரச்சனை என்னன்னா ரெண்டுல கேபின் பக்கத்துல இருக்கறது மட்டும் ஒன்றரை வருசத்துக்கு ஒருக்கா போயிருது, இன்னொன்னு ஜம்முன்னு இருக்குது. போன தடவை அந்த ஒண்ணை மட்டும் புதுசு வாங்கி மாட்டுனேன், இப்ப அதுவும் டவுனு. முந்தாநேத்து விடியால நாலு மணிக்கு மஞ்சள் லோடு ஏத்திட்டு கிளம்பலாம்னு செல்ஃப் அடிச்சா டிக்கு டிக்குன்னு சத்தம்தான் வருது, பக்கத்துல தூங்கிட்டு இருந்த வண்டிக்காரரை எழுப்பி அவரு பேட்டரில இருந்து வயர் போட்டு ஸ்டார்ட் பண்ணி, வழி பூரா டீ குடிக்கக்கூட இன்ஜினை ஆஃப் பண்ணாம வந்து சேர்ந்தேன்.

வாங்குன கடைல கேட்டா பேட்டரி மேல தப்பு இல்லீங்க உங்க வண்டிலதான் ஏதோ இருக்குதுங்கறாங்க. எலக்ட்ரீசியனை வரச்சொன்னா இன்னைக்கு நாளைக்குன்னு ரெண்டு நாள் ஓட்டறாரு, வண்டி நின்னா நமக்குத்தான நஷ்டம். அதனால இந்த வாட்டி நானே வாசல்ல வெச்சு மாத்திரலாம்னு இருக்கேன். ஒண்ணை மட்டும் மாத்துனா போதுமா, ரெண்டையுமா? எதை முதல்ல கழட்டோணும்? அப்புறம் கேபின்ல ஃபேனு, பாட்டு, போன் சார்ஜருக்குன்னு மூணாவதா தனியா ஒரு பேட்டரி சீட்டுக்கு பின்னாடி வெச்சுக்கலாமுன்னு ஒரு யோசனை, அது சரிப்பட்டு வருமுங்களா?

உசிலம்பட்டி_ராத்திரிவண்டி:

தம்பி மாத்துறது பெரிய வித்தை இல்ல, ஆனா கைய காப்பாத்திக்கணும். மொதல்ல மோதிரம், கைக்காப்பு, வாட்ச் எல்லாத்தையும் கழட்டி வீட்ல குடுத்துட்டு வா. நான் சின்ன வயசுல பிளஸ்ஸை மொதல்ல லூஸ் பண்றேன்னு ஸ்பேனர் போட்டேன், ஸ்பேனரோட மறுமுனை போய் சேஸிஸ்ல பட்டுச்சு பாரு, பட்டாசு மாதிரி ஒரு வெளிச்சம், ஸ்பேனர் அப்படியே ஒட்டிக்கிச்சு. உதைச்சு விட்டேன். அன்னைக்கு கைல வெள்ளி மோதிரம் இருந்திருந்தா வெரலு போயிருக்கும். பக்கத்துல நின்னு கிளீனர் பய பீடி வேற குடிச்சுக்கிட்டு இருந்தான், பேட்டரில இருந்து வர்ற கேஸ் பத்திக்கிற கேஸுன்னு அன்னைக்கு எங்க ரெண்டு பேருக்குமே தெரியாது.

அதனால எப்பவுமே மொதல்ல எர்த்து, அதாவது சேஸிஸ்ல போய் முடியுற மைனஸ். அதை கழட்டி துணி சுத்தி ஓரமா ஒதுக்கிரு. அப்புறம் ரெண்டு பேட்டரிக்கும் நடுவுல ஓடுற குட்டி வயரு, கடைசியா செல்ஃபுக்கு போற பிளஸ்ஸு. மாட்டும்போது அப்படியே திருப்பி, பிளஸ்ஸு, நடு வயரு, கடைசியா எர்த்து. கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல நாலு பக்கமும் போட்டோ எடுத்து வச்சுக்க, நானும் ஞாபகம் இருக்கும்னு நெனச்சு ஒரு தடவ அரை மணி நேரம் முழிச்சிருக்கேன்.

ஒத்த ஆளா தூக்காத, ஒண்ணு ஒண்ணும் முப்பது கிலோவுக்கு மேல இருக்கும், இடுப்பு பிடிச்சா பேட்டரி காசை விட வைத்தியச் செலவு ஜாஸ்தி. சாய்க்காம தூக்கு, ஆசிட் சிந்தினா ஆப்பசோடாவ தண்ணில கரைச்சு ஊத்து, நுரைச்சு அடங்கிரும். டெர்மினல்ல வெள்ளையா பச்சையா பூத்துருக்கும்ல, அதுக்கும் அதே தண்ணிதான், ஆனா செல்லு மூடியெல்லாம் இறுக்கமா இருக்கான்னு பாத்துட்டு ஊத்து, உள்ள போச்சுன்னா ஆசிட் கெட்டுரும்.

தூத்துக்குடி_ஆட்டோகரண்ட்:

அண்ணாச்சி மேல சொன்னது எல்லாம் சரிதான். ஆனா தம்பி, நீங்க இதே மாதிரி மாத்திக்கிட்டே இருந்தா பேட்டரி கடைக்காரருக்குத்தான் லாபம். ஒரே ஒரு கேள்வி, உங்க மியூசிக் சிஸ்டம் எங்க இருந்து கரண்ட் எடுக்கு? பேட்டரி பெட்டிய தொறந்து, ரெண்டு பேட்டரியையும் இணைக்குற அந்த நடு வயர் போல்ட்ல மெல்லிசா ஏதாவது வயர் சேர்த்து முறுக்கி இருக்கான்னு பாத்துட்டு சொல்லுங்க. மல்டிமீட்டர் இருந்தா ராத்திரி பூரா வண்டி நின்ன பிறகு காலைல ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியா அளந்து எழுதி வைங்க. பெறகு வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஓடுறப்ப மறுபடி தனித்தனியா அளங்க.

சங்ககிரி_பத்துவீல்:

ணா எப்படிங்ணா கரெக்டா சொன்னீங்க! நடு போல்ட்ல ஊதா கலர்ல ஒரு வயர் இருக்குதுங்க, தொரத்திட்டே போனா பாட்டு செட்டுக்கும் ஃபேனுக்கும் போகுது. வண்டி எடுத்த புதுசுல பாடி கட்டும்போது மாட்டி குடுத்தது.

காலைல பாத்தது: கேபின் பக்கம் 11.9, இன்னொன்னு 12.7. பக்கத்து வண்டில வயர் போட்டு ஸ்டார்ட் பண்ணி, வயரை எடுத்துட்டு பாத்தா மொத்தமா 28.0 வருது, சரியாத்தான இருக்குது? ஆனா தனித்தனியா பாத்தா கேபின் பக்கம் 12.9, நல்ல பேட்டரில 15.1. இதென்னங்ணா கணக்கு?

தூத்துக்குடி_ஆட்டோகரண்ட்:

அதேதான் கணக்கு. டைனமோ நல்லா இருக்கு, 28 குடுக்கு. பேட்டரி மேலயும் தப்பு இல்ல. அந்த ஊதா வயர்தான் வினை.

பாத்துக்கிடுங்க, 24 வோல்ட் வண்டில பாட்டு செட்டு 12 வோல்ட்டு. சுளுவா முடிக்கணும்னு எர்த் பக்கத்து பேட்டரில இருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துருவாங்க, உங்க வண்டில அது கேபின் பக்கத்துது. ராத்திரி வண்டிய ஓரங்கட்டி ஃபேன், பாட்டு எல்லாம் சேந்து 5 ஆம்பியர் எட்டு மணி நேரம் ஓடுச்சுன்னா 40 ஏஹெச் (ஆம்பியரை மணியால பெருக்குன கணக்கு) போச்சு, அம்புட்டும் அந்த ஒரே பேட்டரில இருந்து. இன்னொரு பேட்டரில இருந்து ஒரு சொட்டு போகல. காலைல டைனமோ சார்ஜ் ஏத்துதுல்ல, சீரியல்ல இருக்கதால ரெண்டுக்கும் ஒரே கரண்ட்தான் போகும், தனித்தனியா பாத்து ஊட்டாது. நெறஞ்ச பேட்டரிக்கும் பசியோட இருக்க பேட்டரிக்கும் ஒரே அளவு சோறு. நெறஞ்சது சீக்கிரமே ரொம்பி கொதிக்கும், வோல்ட் 15க்கு ஏறும், டைனமோ மொத்த 28ஐ மட்டும் பாக்குறதால சரி போதும்னு கரண்ட்டை குறைச்சுரும். எர்த் பக்கத்துது அரை வயித்தோட 12.9லயே நிக்கும். மாசக்கணக்குல அரை வயித்துல கெடந்தா பிளேட்ல சல்பேட் கட்டிப் போயிரும், அதுக்கு மேல சார்ஜ் ஏறாது.

இதுல இன்னொரு விசயம், அந்த "நல்ல" பேட்டரிக்கு நீங்க அடிக்கடி தண்ணி ஊத்துறீங்களா? ஊத்துவீங்க, கண்டிப்பா. 15 வோல்ட்ல தெனமும் கொதிச்சா தண்ணி கேஸா பிரிஞ்சுதான் போகும். அதுவும் உள்ள பாதி செத்ததுதான், வெளிய தெரியல.

அதனால ரெண்டையும் சேர்த்தே மாத்துங்க. ஒரே கம்பெனி, ஒரே ஏஹெச், முடிஞ்சா ஒரே மாசம் தயாரிச்சது. பழசும் புதுசும் சேர்த்து கட்டுனா பழசு புதுசை இழுத்து கீழ கொண்டு வந்துரும், போன தடவை உங்களுக்கு நடந்தது பாதி இதுவும்தான். கடைலயே மீட்டர் வெச்சு பாத்து வாங்குங்க, ரெண்டும் 12.5க்கு மேல இருக்கணும், ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் ரொம்ப இருக்கப்பிடாது. பிளஸ் இடது பக்கமா வலது பக்கமான்னு பழசைப் பாத்து சொல்லுங்க, மாறி வந்தா வயர் எட்டாது, எட்ட வைக்கேன்னு இழுத்து மாட்டுனா வயர் முனைல இருக்க லக்கு விட்டுரும். எழுத்து அழிஞ்சிருந்தா பிளஸ் குமிழ் கொஞ்சம் தடியா இருக்கும், மைனஸ் ஒல்லி.

நாமக்கல்_டேங்கர்:

மூணாவது பேட்டரி பத்தி யாரும் சொல்லல அதனால நான் சொல்றேன்ங்க, நான் போட்டு அனுபவிச்சவன். சீட்டுக்கு பின்னாடி தண்ணி ஊத்துற பேட்டரி வெக்கவே வெக்காதீங்க, படுக்கற இடத்துல ஆசிட் வாசம், சார்ஜ் ஆகறப்ப கேஸு, கண்ணாடிய ஏத்திட்டு தூங்குனா என்ன ஆகறது. ரெண்டாவது, அந்த 12 வோல்ட் பேட்டரிய எதுல சார்ஜ் பண்ணுவீங்க? டைனமோ 28 குடுக்குது, நேரா குடுத்தா கொதிச்சு வெடிக்கக்கூட செய்யும், மறுபடி நடு போல்ட்ல இருந்து எடுத்தா பழைய குருடி கதவ தொறடின்னு அதே கதைதான். 24ல இருந்து 12க்கு சார்ஜ் பண்ற சாமான் இருக்குது, ஆனா அந்த காசுக்கு நமக்கு வேலை சுளுவா முடியும்.

நான் இப்ப எப்படி வெச்சிருக்கேன்னா, ஃபேன் 24 வோல்ட்லயே கிடைக்குது, அதை மாட்டிட்டேன். போன் சார்ஜர் பின்னாடி 12-24ன்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குனா நேரா 24ல சொருகலாம். பாட்டுக்கு மட்டும் 24-12 கன்வெர்ட்டர், 10 ஆம்பியர்து, பாட்டு செட்டு எவ்வளவு இழுக்குதுன்னு பாத்து அதுக்கு மேல கொஞ்சம் வெச்சு வாங்குங்க. ஃபியூஸ் பேட்டரிகிட்டயே போடுங்க, டேஷ்போர்டுல போட்டா நடுவுல வயர் உரசி ஷார்ட் ஆனா யாரு காப்பாத்தறது. சும்மா இருக்கறப்பவும் கன்வெர்ட்டர் கொஞ்சம் குடிக்கும், அதனால அதுக்கு ஒரு சுவிட்ச் வெச்சு வண்டிய விட்டு இறங்கறப்ப ஆஃப் பண்ணிருங்க.

ஓனர் வண்டி ஓட்டறவங்களுக்கு ஒண்ணு, எர்த்தை கழட்டுன உடனே ஜிபிஎஸ்ல இருந்து ஓனருக்கு அலாரம் போகும், அடுத்த நிமிசம் போன் வரும், முன்னாடியே சொல்லிருங்க. நான் சொல்லாம கழட்டி, கையெல்லாம் ஆசிட்டோட போன் எடுத்து திட்டு வாங்கியிருக்கேன்.

தூத்துக்குடி_ஆட்டோகரண்ட்:

நாமக்கல்காரர் சரியா சொல்லிட்டார். யூரியா ஊத்துற பிஎஸ்6 வண்டிக்காரங்க யாராவது இதை படிச்சா கூட ஒண்ணு சேத்துக்கிடுங்க, சாவிய ஆஃப் பண்ண உடனே கட் ஆஃப் சுவிட்சையோ எர்த்தையோ எடுக்காதீங்க. குழாய்ல நிக்குற யூரியாவ திருப்பி டேங்குக்கு இழுக்குறதுக்கு அந்த பம்பு கொஞ்ச நேரம் ஓடும், அந்த சத்தம் நிக்குற வரை பொறுங்க. பாதில கரண்ட் போனா உள்ளயே உப்பா கட்டிக்கிடும், அதோட செலவு பேட்டரி மாதிரி இல்ல.

சங்ககிரி_பத்துவீல்:

மாத்தியாச்சுங்க! நேத்து சாயந்திரம் நானும் மச்சானும் சேர்ந்து ஒரு மணி நேரத்துல முடிச்சோம். எர்த்து முதல்ல, நடுவயர், பிளஸ். பெட்டிக்கு அடில பாத்தா தகரம் துரு ஏறி ஓட்டை விழுந்து கிடக்குது, ஆசிட் சிந்தி அரிச்சிருக்குது, கழுவி பெயிண்ட் அடிச்சு பழைய டயர் டியூபை வெட்டி அடில போட்டேன். மேல அமுக்கற கம்பி நட்டும் லூஸா இருந்துச்சு, இத்தனை நாள் பள்ளத்துல எல்லாம் பேட்டரி குதிச்சுட்டேதான் வந்திருக்கும் போல. டெர்மினல்ல வேசலின் தடவிட்டேன்.

ஊதா வயரை வெட்டி தூக்கியாச்சு. ஃபேன் 24ல மாட்டிட்டேன், பாட்டுக்கு கன்வெர்ட்டர் நாளைக்குத்தான் வருதாம், இன்னைக்கு ராத்திரி பாட்டு இல்லாமத்தான் ஈரோடு போகோணும். இன்ஜின் ஓடறப்ப அளந்தா 14.0, 14.0! மச்சான் நம்பாம மறுபடி மறுபடி வெச்சு பாக்கறான்.

இன்னொரு கேள்வி மட்டும். பழசு ரெண்டையும் கடைல எடுத்துக்கறாங்க, விலைல கழிக்கறாங்க, ஆனா அந்த 12.7 காட்டுன பேட்டரிய மட்டும் குடுக்காம வெச்சிருக்கேன். வீட்ல இன்வெர்ட்டருக்கு மாட்டிக்கலாமுன்னு எங்கூட்டுக்காரம்மா கேக்குது.

தூத்துக்குடி_ஆட்டோகரண்ட்:

வேண்டாம் தம்பி. இது செல்ஃபுக்கான பேட்டரி, பிளேட்டு மெல்லிசு, ஒரு சில நொடி நூத்துக்கணக்கான ஆம்பியரை படக்குனு குடுத்துட்டு உடனே ரொம்பிக்கிடுற மாதிரி செஞ்சது. இன்வெர்ட்டர் ரெண்டு மணி நேரம் மெதுவா உறிஞ்சும், நாலு மாசம் தாங்குனா பெரிசு. இன்வெர்ட்டர் பேட்டரி பிளேட்டே வேற, தடிச்சது. அது போக உங்க பேட்டரி 15 வோல்ட்ல கொதிச்சு கொதிச்சு வந்தது, மேல 12.7 காட்டும், ஹெட்லைட் பல்பு ஒண்ண மாட்டி அரை மணி நேரம் எரிய விட்டு பெறகு அளந்து பாருங்க, எவ்வளவு இறங்குதுன்னு உங்களுக்கே தெரியும். கடைல குடுத்துருங்க.

சங்ககிரி_பத்துவீல்:

பல்பு போட்டு பாத்தேன்ங்ணா. அரை மணி நேரங்கூட ஆகல, 11.6. காலைல கடைக்கு எடுத்துட்டு போறேன்.