டிவியைச் செருகியதும் பேனல் 58 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது

திரைவலை:
ஒரு சிறிய போர்டுக்காக லினக்ஸ் கெர்னலின் டிஸ்பிளே டிரைவரைச் சீர்செய்துகொண்டிருக்கிறேன். 1024×600 பேனல் ஒன்று, கூடவே எச்டிஎம்ஐ. பேனலின் டேட்டாஷீட் 51.2 மெகாஹெர்ட்ஸ் பிக்சல் கிளாக் (நொடிக்கு எத்தனை பிக்சல் என்ற வீதம்) கேட்கிறது. பேனல் மட்டும் ஓடும்போது 51 கிடைக்கிறது, படம் ஆடாமல் நிற்கிறது. 1080பி டிவியைச் செருகியதும் பேனலில் படம் ஒருமுறை குலுங்கி, 58 ஹெர்ட்ஸில் நின்றுவிடுகிறது. டிரைவரோ இன்னும் 60 என்றே சொல்கிறது. எங்கே பார்ப்பது?

கருவிப்பெட்டி:
டீபக்எஃப்எஸ்ஸில் (கெர்னலின் உள்நிலையைக் காட்டும் கோப்புகள்) உள்ள கிளாக் சம்மரியை டிவி செருகுவதற்கு முன்னும் பின்னும் எடுத்துப் போடுங்கள். பேனல், எச்டிஎம்ஐ இரண்டின் கிளாக்கும் ஒரே பிஎல்எல்லிலிருந்து (மூல அதிர்வெண்ணை உருவாக்கும் சுற்று) பிரிகின்றன என்று நினைக்கிறேன்.

திரைவலை:
ஆமாம், ஒரே பிஎல்எல்தான். முன்பு 306 மெகாஹெர்ட்ஸ், அதை வகுத்துப் பேனலுக்குத் தரும் டிவைடர் 6. செருகிய பின் 297, டிவைடர் அதே 6. பேனலின் வீதத்தை வேறு யாரும் மாற்ற முடியாதபடி பூட்டிவிடலாமா?

பழையகெர்னல்:
306இல் பூட்டாதீர்கள். அதை இரண்டால் வகுத்தால் எச்டிஎம்ஐக்கு 153 போகும். 1080பி 60க்கு வேண்டியது 148.5. அங்கே அரை சதவீத விலகலுக்குத்தான் இடம் உண்டு, இது மூன்று சதவீதம். டிவி வளைந்து கொடுக்காது, பேனல் கொடுக்கும்.

ஆகவே 297இல் பூட்டுங்கள், டிவி இல்லாதபோதும். செருகும்போது பிஎல்எல் நகராது, குலுங்கலும் நிற்கும். 720பிக்கும் 297ஐ நான்கால் வகுத்தால் 74.25 அப்படியே வருகிறது. பேனலுக்கு ஆறில் ஒரு பங்கு, 49.5. வரிகளுக்கும் ஃபிரேம்களுக்கும் இடையே படம் இல்லாமல் போகும் வெற்றிடங்களோடு மொத்தம் 1344×635 என்றால் நீங்கள் பார்த்த 58 இதுதான். கிடைமட்ட வெற்றிடத்தைக் குறைத்து 1300×635 ஆக்குங்கள்: 59.96. டேட்டாஷீட்டில் குறைந்தபட்ச மொத்தம் கொடுத்திருப்பார்கள், அதற்குக் கீழே போகாதீர்கள்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். அட்டாமிக் செக்கிலேயே (புதிய அமைப்பை நடைமுறைப்படுத்தும் முன் டிரைவர் சரிபார்க்கும் கட்டம்) ரவுண்ட் ரேட் கேட்டு (கேட்ட வீதத்துக்குக் கிளாக் உண்மையில் எதைத் தரும் என்ற கேள்வி), உண்மையில் கிடைக்கும் வீதத்தை அட்ஜஸ்டட் மோடில் (டிரைவர் திருத்தி வைக்கும் திரை அமைப்பு) எழுதுங்கள். (கிளாக் ஃபிரேம்வொர்க் ஹெர்ட்ஸில் பேசும், மோடு கிலோஹெர்ட்ஸில்.) ஓடுவது ஒன்று, சொல்வது வேறு என்றிருக்கும் டிரைவரை நான் ஏற்கவே மாட்டேன். அடுத்த ஃபிரேமை எப்போது வரைவது என்று கம்பாசிட்டர் (சாளரங்களை ஒரே படமாகச் சேர்க்கும் நிரல்) அந்த எண்ணை நம்பித்தான் முடிவு செய்கிறது.

கருவிப்பெட்டி:
1280×1024 மானிட்டரைச் செருகினால்? அதற்கு 108 வேண்டும். 297இலிருந்து வராதே.

பழையகெர்னல்:
வராது. மோடு வேலிடில் (எந்தத் திரை அமைப்புகளை ஏற்கலாம் என்று டிரைவர் சொல்லும் இடம்) அதைத் தள்ளிவிட வேண்டும், பட்டியல் சுருங்கும். சில்லில் இரண்டாவது வீடியோ பிஎல்எல் இருந்து, பேனலின் மக்ஸ் (கிளாக்கின் மூலத்தை மாற்றும் சுவிட்ச்) அதைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் இந்தச் சமரசமே தேவையில்லை. திரைவலை, சில்லின் டேட்டாஷீட்டில் அந்த மக்ஸ் ரெஜிஸ்டரைப் பார்த்துச் சொல்லுங்கள்.

திரைவலை:
இருக்கிறது. டிவைஸ் ட்ரீயில் (போர்டின் வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் கோப்பு) முதல் பிஎல்எல்லை மட்டும்தான் பேரன்ட்டாக, அதாவது மூலமாக, கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவதையும் சேர்த்துப் பார்க்கிறேன்.