கொம்பனி ஒஃப் ஹீரோஸ்: ஒரு எம்ஜி (இயந்திரத் துப்பாக்கி) என் அணிகள் அத்தனையையும் படுக்க வைக்கிறது, என்ன செய்யலாம்?

மல்லாவிப் பெடியன்:
அண்ணைமாருக்கு வணக்கம். இவ்வளவு காலமும் ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 தான் விளையாடினேன். இப்போது இரண்டாம் உலகப்போரை வைத்து வந்த கணினி கேமான கொம்பனி ஒஃப் ஹீரோஸ் முதல் பாகம் (2006) கிடைத்திருக்கிறது. அமெரிக்கப் பக்கம் எடுத்து, நாலைந்து றைபிள்மன் (துவக்குக்காரர்) அணிகளைச் சேர்த்து ஒரேயடியாக அனுப்புகிறேன். ஜேர்மன்காரனின் ஒரேயொரு எம்ஜி 42 எல்லாரையும் நிலத்தில் கிடத்திவிடுகிறது. ஆள் கூட இருந்தும் எப்படித் தோற்கிறேன்? நிறைய இடம் பிடித்தும் எரிபொருள் ஏறுவதில்லை, அது வேறு.

வட்டக்கச்சி அண்ணை:
தம்பி, ஏஜ் ஒஃப் எம்பயர்ஸில் ஒவ்வொரு வீரனும் தனி ஆள். இங்கே 6 றைபிள்மன் சேர்ந்தது ஓர் அணி, கட்டளை அணிக்குத்தான். எவன் எந்தச் சுவருக்குப் பின்னால் குந்துவது என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அனுப்பும்போது நிலத்தில் தெரியும் புள்ளிகளைக் கவனியும். பச்சை என்றால் நல்ல காப்பு, மஞ்சள் சுமார், சிவப்பு என்றால் நடுறோட்டு.

எம்ஜியின் முதல் வேலை கொல்வதில்லை, அமுக்குவது. சூடு விழ விழ அணி ஊரத் தொடங்கும், அப்புறம் அசையவே மாட்டாது. பக்கத்தில் ஒட்டி நிற்கும் அணியையும் அதே சூடு அமுக்கும். ஐந்து அணியைக் கும்பலாக விட்டால் ஐந்தும் படுக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த எம்ஜிக்கு 3 பேர்தான். முன்பக்கம் குறிப்பிட்ட கோணத்துக்குள்தான் சுடலாம். திருப்பி வைக்க நேரம் எடுக்கும். ஓர் அணியைப் பச்சைக் காப்பில் வைத்து அவனுடைய சூட்டை அங்கே இழும். மற்றதை வேலிக்கரையால் சுற்றி அனுப்பும். அந்த மூவரும் விழுந்தபின் எம்ஜி நிலத்தில் கிடந்தால் உமது அணியே தூக்கிக்கொள்ளலாம். அதைவிடச் சந்தோஷம் இந்தக் கேமில் எனக்கு வேறில்லை.

பெடியள் தொடாத ஒரு பொத்தான் இருக்கிறது: பின்வாங்கு. அதை அழுத்தினால் படுத்துக்கிடக்கும் அணியும் எழும்பித் தலைமையகத்துக்கு ஓடும். ஓடும்போது குண்டு படுவது குறைவு. ஒருவன் மிஞ்சி வந்தாலும் போதும், அங்கே ஆள் நிரப்பலாம். புது அணி எடுப்பதைவிடச் செலவு குறைவு, சம்பாதித்த அனுபவமும் போகாது. நான் விளையாடும்போது அணி பாதியானால் யோசிக்கவே மாட்டேன், பின்வாங்குதான்.

எரிபொருள் விஷயம் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் மாதிரி. வாய்க்காலை மேலே ஒருவன் மறித்தால் கீழ்வயலுக்கு ஒரு சொட்டும் வராது. கேமிலும் உமது அணிகள் பிடித்த நிலங்கள் ஒன்றோடொன்று தொட்டு உமது தலைமையகம் வரை வரவேண்டும். நடுவில் ஒன்றை எதிரி பிடித்தால் அதற்கு அப்பால் உள்ளதெல்லாம் உம்முடைய நிறத்தில் இருந்தும் பயனில்லை. அவனுக்கும் அதே கதிதான், அதனால் நீரும் போய் அவனுடையதை அறும்.

மாங்குளம் சந்தி:
அண்ணை சொன்னது சரி. அதே றெலிக் நிறுவனம் 2004இல் விட்ட டோன் ஒஃப் வோரிலும் அணிகள்தான். அதில் மனவுறுதிக்கு ஒரு தனிக் கோடு இருக்கும், அது தீர்ந்தால் ஆள் உயிரோடு நின்றும் பிரயோசனமில்லை. அமுக்குதல் விளங்கச் சிரமமென்றால் முதலில் அதை விளையாடிப் பாரும்.

இன்னொன்று, ஹெட்போன் போட்டு விளையாடும். கேமில் மோட்டார் குண்டு விழும் சத்தம் கேட்டால், சண்டைக் காலம் பார்த்த எங்கள் அம்மா எழும்பி முற்றத்துக்குப் போய்விடுவா. வன்னியில் பல வீடுகளில் இதுதான் நிலைமை.

மல்லாவிப் பெடியன்:
நன்றி அண்ணை, சுற்றிப் போவது வேலை செய்கிறது. ஆனால் இப்போது அவன் எம்ஜியை வீட்டுக்குள் ஏற்றிவிட்டான். எந்தப் பக்கத்தால் போனாலும் ஜன்னலால் சுடுகிறான்.

வட்டக்கச்சி அண்ணை:
வீட்டுக்குள் இருப்பவனோடு துவக்கால் மினைக்கெடாதேயும். எஞ்சினியர் அணிக்கு, கேமில் சேரும் வெடிபொருள் வளத்தைச் செலவழித்து நெருப்பு எறியும் கருவி வாங்கிக் கொடும். ஜன்னல் குறைந்த சுவர்ப் பக்கத்தால் கிட்டக் கொண்டுபோம். நெருப்புக்குக் காப்பு கீப்பு ஒன்றும் இல்லை. வெளியே ஓடிவருவான், அங்கே உமது றைபிள்மன் காத்திருக்கட்டும். எஞ்சினியர் அணியில் ஆள் குறைவு, தனியே விடாதேயும்.