போர்க்கைதியாக இருந்தவர் தரைப்படைத் தளபதி ஆனது எப்படி? (ஜெனரல் குமாரமங்கலம்)

திருச்செங்கோட்டுப் பையன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ராணுவ அதிகாரியாகச் சேருவதற்கான சி.டி.எஸ். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊருக்குப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்த பி.பி.குமாரமங்கலம் 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படைத் தளபதியாக இருந்திருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் எதிரியிடம் பிடிபட்டு இத்தாலியிலும் ஜெர்மனியிலும் கைதியாக இருந்தார் என்றும் படித்தேன். என் அறைத்தோழன், "பிடிபட்டவரைப் போய் எப்படித் தளபதியாக்கினார்கள்?" என்று கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ராணுவத்தில் இருந்த பெரியவர்கள் யாராவது விளக்கினால் நல்லது.

பழைய கன்னர் பதில்:

தம்பி, நான் பீரங்கிப் படையில் கன்னராக, அதாவது பீரங்கி இயக்கும் ஜவானாகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன். நாசிக் ரோட்டில் பயிற்சி. குமாரமங்கலம் சாப் எங்கள் படையிலிருந்து தரைப்படைத் தளபதியான முதல் ஆள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படி.

உன் நண்பர் பிடிபட்டதைத்தான் பார்க்கிறார். அதற்கு முன்னால் அன்றைக்கு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். 1942 மே 27, லிபியாவில் பிர் ஹக்கீம் என்ற இடத்துக்குத் தென்கிழக்கே வெட்டவெளிப் பாலைவனம். 3வது இந்திய மோட்டார் பிரிகேடு என்ற படைப்பிரிவு அங்கே நின்றது. அதற்குத் துணையாக 2வது பீல்டு ரெஜிமென்ட் என்ற பீரங்கிப் படை. அதில் 7வது பேட்டரிக்கு, அதாவது ஒரு பீரங்கிக் குழுவுக்கு, மேஜர் குமாரமங்கலம் கமாண்டர். ஜெர்மன் தளபதி ரொம்மலின் படை தெற்கே சுற்றிக்கொண்டு வந்தது. காலையிலேயே இத்தாலியர்களின் அரியேட்டே டிவிஷன் டாங்கிகளோடு பிரிகேடு மேல் நேராக ஏறியது.

நம்மவர்களிடம் இருந்தது 25 பவுண்டர் பீரங்கி. சுமார் 12 கிலோமீட்டர் வரை சுடும். வழக்கமாக நாங்கள் எதிரியைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. முன்னால் இருக்கும் அதிகாரி கணக்குச் சொல்வார், நாங்கள் அந்தக் கோணத்தில் குழாயை வைத்துச் சுடுவோம். டாங்கி கண்ணுக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டால் கதையே வேறு. பீரங்கிக்கு அடியில் வட்டமான ஒரு இரும்புத் தட்டு இருக்கும். சக்கரத்தை அதன்மேல் ஏற்றி நிறுத்தினால் எந்தப் பக்கமும் சட்டென்று திருப்பலாம். குறி பார்க்கிறவன் கண்ணாடியில் கண்ணை வைத்திருப்பான். தூரத்தில் புள்ளியாகத் தெரிந்த டாங்கி அந்தக் கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வரும். அவசரப்பட்டுச் சுட்டால் குண்டு வீண், நம் இடமும் தெரிந்துவிடும். அதனால் கட்டளை வரும்வரை கை அசையக்கூடாது. நானும் குறி பார்க்கிறவனாக இருந்தவன்தான். பயிற்சியில் இழுத்துக்கொண்டு வரும் பொம்மை இலக்குக்கே நெஞ்சு அடித்துக்கொள்ளும். அங்கே திருப்பிச் சுடும் டாங்கிகள், பத்துக் கணக்கில்.

பிரிகேடு நசுங்கிப்போனது. இறந்தவர்களும் காயம்பட்டவர்களும் நூற்றுக்கணக்கில், பிடிபட்டவர்கள் சுமார் ஆயிரம் பேர். ஆனால் பீரங்கிகள் கடைசிவரை சுட்டு எதிரி டாங்கிகள் பலவற்றை உடைத்தன. அன்றைய செயலுக்குத்தான் குமாரமங்கலத்துக்கு டி.எஸ்.ஓ. பதக்கம் கிடைத்தது. அதிகாரிகளுக்கான வீரப் பதக்கங்களில் விக்டோரியா சிலுவைக்கு அடுத்த மதிப்பு அதற்கு உண்டு. காலாட்படை ரெஜிமென்டுக்குக் கொடி எப்படியோ, எங்களுக்குப் பீரங்கி அப்படி. அதை விட்டுவிட்டு ஓடாமல் நின்றவன் பிடிபட்டால் அதில் என்ன தம்பி களங்கம்?

அப்புறம் இத்தாலியில் முகாம். அங்கிருந்து தப்பினார், மறுபடி பிடிபட்டார், ஜெர்மனியில் ஸ்டாலாக் லுஃப்ட் 3 என்ற கடும் காவல் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். 1944 மார்ச்சில் சுரங்கம் தோண்டி 76 பேர் தப்பி, அதில் 50 பேரைப் பிடித்துச் சுட்டுக் கொன்றார்களே, அதே முகாம்தான். சும்மா உட்கார்ந்திருந்தால் முதல் முகாமிலேயே நிம்மதியாகப் போரைக் கழித்திருக்கலாம். அவர் முயன்றார். பிடிபட்ட அதிகாரி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எந்த ராணுவமும் எதிர்பார்க்கிறதோ, அப்படியே நடந்துகொண்டவர்.

இன்னொன்றும் தெரிந்துகொள். 1857க்குப் பிறகு வெள்ளைக்காரன் இந்தியர்களைப் பீரங்கிப் பக்கம் விடவே இல்லை, மலைப் பேட்டரிகள் நீங்கலாக. 1935 ஜனவரி 15 அன்று பெங்களூரில்தான் 'ஏ' பீல்டு பிரிகேடு என்ற முதல் இந்தியப் பீல்டு பீரங்கிப் படை உருவானது. குமாரமங்கலம் இங்கிலாந்தில் வுல்விச் ராணுவக் கல்லூரியில் படித்து 1933இல் அதிகாரியானவர், அந்தப் பிரிகேடில் பணியாற்றிய முதல் தலைமுறை இந்திய அதிகாரிகளில் ஒருவர். "இவர்களுக்குப் பீரங்கி வருமா?" என்ற சந்தேகத்தோடு பார்த்தவர்களுக்கு நடுவில் நின்று வேலை செய்த தலைமுறை அது. எங்களுக்கெல்லாம் வாசலைத் திறந்துவிட்டவர்கள் அவர்கள்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1962 சீனப் போரில் நாம் அடி வாங்கிய மறுவருடம் கிழக்குப் பிராந்தியத் தளபதி. அடுத்து, 1965 பாகிஸ்தான் போரின்போது தலைமையகத்தில் துணைத் தளபதி. 1966 ஜூன் 8 அன்று ஜெனரல் சௌத்ரியிடமிருந்து பொறுப்பேற்று, 1969 ஜூனில் மானெக் ஷாவிடம் ஒப்படைத்தார். இவர் காலத்தில்தான் 1967 செப்டம்பரில் சிக்கிம் எல்லையில் சீனர்களோடு நாதூ லா சண்டை. களத்தில் அதை நடத்தியவர் ஜெனரல் சகத் சிங், பெருமை அவருக்கே. ஆனால் சீனர்கள் அன்று கற்றுக்கொண்டது நம் பீரங்கிகளிடம்.

சேலத்து ஆசிரியை பதில்:

வரலாறு நடத்துகிறவள் என்பதால் குடும்பப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். அப்பா டாக்டர் ப.சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதல் மந்திரி. தம்பி மோகன் குமாரமங்கலம் கம்யூனிஸ்ட். 1941இல் சென்னைச் சதி வழக்கில் பி.ராமமூர்த்தி முதலானவர்களோடு அவரும் குற்றம்சாட்டப்பட்டவர். தங்கை பார்வதி கிருஷ்ணன் பின்னாளில் கம்யூனிஸ்ட் கட்சி சார்பில் கோவையிலிருந்து மக்களவைக்குப் போனவர். இன்னொரு தம்பி கோபால் நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் தலைவராக இருந்தார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தம்பி மீது வெள்ளை அரசு சதி வழக்குப் போட்ட அடுத்த வருடம் அண்ணன் அதே அரசின் சீருடையில் பாலைவனத்தில் நிற்கிறார். விடுதலைக்குப் பிறகு இருவருமே இந்தியாவின் உயர் பொறுப்புகளுக்கு வந்தார்கள். அண்ணன் தளபதி, தம்பி இந்திரா அமைச்சரவையில் உருக்கு, சுரங்கத் துறை அமைச்சர். நேற்றுவரை எதிரெதிர்ப் பக்கம் நின்றவர்களை ஒதுக்காமல் புதிய குடியரசு தனக்காகப் பயன்படுத்திக்கொண்டதே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். வகுப்பில் இந்தக் குடும்பத்தைச் சொன்னால் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

திருச்செங்கோட்டுப் பையன்:

ரொம்ப நன்றிங்க ஐயா, நன்றிங்க டீச்சர். அறைத்தோழனிடம் படித்துக் காட்டினேன், ஒத்துக்கொண்டான். இன்னும் ஒரே கேள்வி. 1933இல் சேர்ந்தவர் 33 வருடத்தில் தளபதி. இப்போதும் அப்படி முடியுமா?

பழைய கன்னர்:

இப்போது இன்னும் கூடுதலாக ஆகும் தம்பி. அன்றைக்கு வெள்ளைக்கார அதிகாரிகள் கிளம்பிப் போனதில் மேலே நிறைய இடம் காலியானது, 1962க்குப் பிறகு படையும் பெருகியது. எங்கள் படையிலிருந்தே வந்த ஜெனரல் பத்மநாபனை எடுத்துக்கொள். 1959 டிசம்பரில் அதிகாரியானவர், 2000 செப்டம்பர் கடைசியில்தான் தளபதி. கிட்டத்தட்ட 41 வருடம்.

இன்றைய நிலையில் லெப்டினன்ட் கர்னல் வரை குறிப்பிட்ட வருட சேவை முடித்து, தேவையான தேர்வுகளையும் முடித்தால் வந்துவிடும். கர்னலிலிருந்து தேர்வுக் குழுதான் முடிவு செய்யும். ஒவ்வொரு படியிலும் நல்ல நல்ல அதிகாரிகளே நின்றுவிடுவார்கள், இடம் அவ்வளவு குறைவு. அதனால் தளபதி பதவியை நினைத்துக்கொண்டு சேராதே. நல்ல பேட்டரி கமாண்டராக வா. கீழே இருக்கும் ஜவானுக்கு அதுதான் முக்கியம், என் அனுபவத்தில் சொல்கிறேன்.

அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்காணலில் உன் ஊரைப் பற்றிக் கேட்டால் தைரியமாக இவரைச் சொல். ஆனால் அதற்கு முன் பிர் ஹக்கீம், அதே லிபியாவின் துறைமுகமான டோப்ரூக் இரண்டும் வரைபடத்தில் எங்கே இருக்கின்றன என்று பார்த்து வைத்துக்கொள். பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி அங்கிருந்துதான் வரும்.