ஹேண்டிலருக்குள் தொலைந்த எரர்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

நான் தொடங்கி வைக்கிறேன். பழைய ஜாவா சோப் (SOAP, எக்ஸ்எம்எல் செய்திகளைப் பரிமாறும் முறை) சர்வீஸ் ஒன்று பராமரிப்புக்கு எங்கள் கைக்கு வந்தது. டோக்கன் தப்பாக இருந்தால் கிளையன்டுக்கு "அனுமதி இல்லை" என்று போக வேண்டும். போனதோ அன்மார்ஷலிங் எரர், அதாவது வந்த எக்ஸ்எம்எல்லை ஆப்ஜெக்டாக மாற்ற முடியவில்லை என்ற எரர். சர்வர் லாகில் ஒரு வரி கிடையாது. ஆளாளுக்கு ஸ்கீமாவைக் குடைந்துகொண்டிருந்தார்கள். போக்குவரத்தைப் பார்க்க நடுவில் ஒரு ப்ராக்ஸியை வைத்துப் பார்த்தால், கிளையன்ட் அனுப்பிய ரிக்வெஸ்டே ரெஸ்பான்ஸாகத் திரும்பிப் போகிறது, அதுவும் 200 ஓகேயுடன்!

சர்வீஸுக்குப் போகும் முன் செய்தியைப் பிடித்துச் சோதிக்கிற கோட்தான் ஹேண்டிலர். அதன் ஹேண்டில்மெசேஜ் மெத்தடில் டோக்கன் சரியில்லை என்றால் ஃபால்ஸ் ரிட்டர்ன் ஆகும்படி எழுதியிருந்தார்கள். அப்படிச் செய்தால் ஃபால்ட் (சோப்பின் எரர் பதில்) உருவாகாது. செய்தியின் திசை மட்டும் மாறும். உள்ளே இருப்பது அதே ரிக்வெஸ்ட்தானே. சோப்ஃபால்ட்எக்ஸெப்ஷன் த்ரோ பண்ண வைத்தோம், சரியாகிவிட்டது. பூலியன் கேட்கிற மெத்தட் என்றால் யாருக்கும் அப்படித்தான் எழுதத் தோன்றும். அந்த ஏபிஐ வடிவமைப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மறுமொழி 1

எங்களுடையது இதைவிட ஆபத்து அண்ணா. ஹேண்டிலர் முதலில் யூசர் ஐடியை த்ரெட்லோக்கலில் (ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனியான சேமிப்பிடம்) வைக்கும், பிறகு கையொப்பத்தைச் சரிபார்க்கும், தப்பென்றால் எக்ஸெப்ஷன். அந்த ஐடியைத் துடைக்கிற கோட், ஃபால்ட் வந்தால் ஓடுகிற ஹேண்டில்ஃபால்ட் மெத்தடில் இருந்தது. ஆனால் எக்ஸெப்ஷனை எறிந்த ஹேண்டிலருக்கே ஹேண்டில்ஃபால்ட் வராது. அதற்கு முன்பு ஓடி முடித்தவற்றுக்குத்தான் வரும். த்ரெட் பழைய ஐடியோடு, மறுபடி பயன்படுத்த வைத்திருக்கும் த்ரெட் பூலுக்குத் திரும்பியது. அடுத்து அதே த்ரெட்டில் வந்த லாகின் தேவைப்படாத ரிக்வெஸ்ட், முந்தின ஆளின் பெயரில் ஆடிட்டில் பதிவானது. லோட் டெஸ்டில் மட்டும் எப்போதாவது தலைகாட்டும். டீபக்கரில் ஒற்றை ரிக்வெஸ்டாக ஓட்டினால் ஒன்றுமே தெரியாது. துடைப்பதை க்ளோஸ் மெத்தடுக்கு மாற்றினோம். எறிந்த ஹேண்டிலருக்கும் க்ளோஸ் வரும்.

மறுமொழி 2

ஹேண்டில்மெசேஜில் ப்ரேக்பாயின்ட் வைத்தும் நிற்கவே இல்லையா? எந்தெந்த ஹெடர் தனக்குப் புரியும் என்று ஹேண்டிலர் சொல்கிற கெட்ஹெடர்ஸ் மெத்தடைப் பாருங்கள். ஐடிஇ போட்டுக் கொடுத்த ரிட்டர்ன் நல் அப்படியே இருக்கும். மஸ்ட்அண்டர்ஸ்டாண்ட் 1 (கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும்) என்று செக்யூரிட்டி ஹெடர் வந்தால், அதைப் புரிந்துகொள்ள ஆளில்லை என்று ரன்டைமே ஃபால்ட் அனுப்பிவிடும். அந்த ஹெடரின் க்யூநேமை (நேம்ஸ்பேஸோடு சேர்ந்த முழுப்பெயர்) கெட்ஹெடர்ஸில் திருப்பிக் கொடுத்தால் போதும்.

மறுமொழி 3

ஒரு சேர்க்கை. சோப் 1.1-இல் எந்த ஃபால்ட்டும் எச்டிடிபி 500தான், தப்பு கிளையன்டுடையதாக இருந்தாலும். சர்வீஸுக்கு முன்னால் நிற்கிற எங்கள் கேட்வே 500-ஐப் பார்த்ததும் ரீட்ரை செய்து, ஒரு தப்பான பாஸ்வேர்டுக்கே அக்கவுன்டை லாக் பண்ணிக்கொண்டிருந்தது. சோப் 1.2 என்றால் சென்டர் (Sender, அனுப்பியவர் தப்பு) ஃபால்ட்டுக்கு 400 போகும். அதற்கு மாற கிளையன்ட் தரப்பு ஒப்புக்கொள்ளவில்லை, அதனால் கேட்வேயில் ரீட்ரையை நிறுத்தினோம்.