வீட்டை விட்டே போகாத பூனைக்கு வருஷா வருஷம் ஊசி எதுக்கு?

பூனைக்காரி:
என் பூனைக்கு நாலு வயசு, வாசப்படி தாண்டுனதே இல்ல. பூஸ்டர் போடணும்னு மெசேஜ் வந்திருக்கு. போன தடவை ஊசி போட்டு ரெண்டு நாள் சாப்பிடாம மூலையில சுருண்டு கெடந்தா, போதாக்குறைக்கு ஊசி போட்ட எடத்துல கேன்சர் கட்டி வரும்னு வேற படிச்சேன், அதுல இருந்து தூக்கமே போச்சு. இனிமே போடுறதா இல்ல.

கருப்பன் அண்ணன்:
அவ வெளிய போகல சிஸ்டர், நீங்க போறீங்கல்ல? கிருமி ஒட்டிட்டு வர உங்க செருப்பு போதும். பூனைக்கு வர்ற பான்லுகோபீனியாவும் நாய்க்கு வர்ற பார்வோவும் ஒரே குடும்பத்து வைரஸ், மண்ணுல ஒரு வருஷம் கூட தாக்குப்பிடிக்கும், சாதாரண சோப்புக்கு சாகாது, பிளீச் மாதிரி எதாவது போட்டாத்தான் போகும். எங்க நாய் கருப்பன் பார்வோலதான் போனான். முதல் ஊசி போட்டிருந்தோம், அடுத்ததை நான்தான் வேலை வேலைன்னு தள்ளிப்போட்டேன். ரத்தமா கழிஞ்சு நாலே நாள்ல முடிஞ்சுபோச்சு.

பூனைக்காரி:
படிக்கவே கஷ்டமா இருக்கு ப்ரோ. ஆனா ஊசி போட்டும் வந்துச்சுன்னா அப்புறம் அத நம்பி என்ன பிரயோஜனம்?

நிலா:
ஊசி மேல தப்பில்லங்க. குட்டிக்கு சீம்பால்ல அம்மாகிட்ட இருந்து எதிர்ப்பு சக்தி வந்திருக்கும், அது இருக்குற வரைக்கும் ஊசி மருந்தையும் வேலை செய்ய விடாது, அது எப்ப கொறையும்னு குட்டிக்கு குட்டி மாறும். அதான் 6-8 வாரத்துல ஆரம்பிச்சு 2-4 வாரத்துக்கு ஒருக்கா, 16 வாரம் தாண்டுற வரைக்கும் போடச் சொல்றாங்க. நடுவுல விட்டா ஓட்டைதான்.

ஆனா பூனைக்காரி கேக்குறதுலயும் நியாயம் இருக்கு. குட்டியில ஒழுங்கா போட்டு முதல் பூஸ்டரும் முடிஞ்சிருந்தா, வீட்டுக்குள்ளயே இருக்குற பூனைக்கு பான்லுகோபீனியா, அப்புறம் சளி, தும்மல் கொண்டுவர்ற ஹெர்பீஸ், கலிசி வைரஸ், இந்த மூணுக்கும் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை போதும். எல்லாத்தையும் வருஷாவருஷம் குத்தணும்னு இல்ல.

கருப்பன் அண்ணன்:
இப்படி சொல்லிச் சொல்லித்தான் ஆளுங்க மொத்தமா விட்டுடுறாங்க! மூணு வருஷம்னா யாரு ஞாபகம் வெச்சிருப்பா? நாய்க்கு எலிக்காய்ச்சல் ஊசி வருஷாவருஷம் போட்டே ஆகணும், அதையும் சேத்து விட்டுடுவாங்க. ரேபிஸ் அறிகுறி தெரிஞ்சுட்டா மிருகமோ மனுஷனோ பொழைக்கிறது கிட்டத்தட்ட கெடையாது, அதுல வெளையாடக் கூடாது.

நிலா:
ரேபிஸ்ல நான் உங்க பக்கம்தான், எத்தனை வருஷத்துக்கு ஒருக்கான்னு ஊசி டப்பாவுல போட்டிருக்கறது, உங்க ஊர் சட்டம் ரெண்டையும் பாத்து தவறாம போடணும். ரேபிஸ் புடிச்ச ஒரு மிருகம் வீட்டுக்குள்ள நுழைஞ்சா போதும். ஆனா மறந்துடுவாங்கன்னு தேவையில்லாத ஊசிய போடச் சொல்றது சரியில்ல. நாய்க்கு பார்வோவுக்கும், டிஸ்டம்பர்ங்குற இன்னொரு வைரஸ் நோய்க்கும் எதிர்ப்பு சக்தி இருக்கான்னு ரத்தத்துலயே டெஸ்ட் பண்ணலாம்.

பூனைக்காரி சொன்ன அந்த கேன்சர் கட்டி நெஜம்தான், ஆனா பத்தாயிரம் ஊசிக்கு ஒண்ணுங்குற அளவு அபூர்வம். அதுக்காகத்தான் பூனைக்கு கால்ல கீழ தள்ளி போடுறாங்க. ஊசி போட்ட எடத்துல கட்டி மூணு மாசம் தாண்டியும் இருந்தா, 2 செ.மீ.க்கு மேல போனா, ஒரு மாசத்துக்கப்புறமும் வளந்துட்டே இருந்தா, இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே டாக்டர்கிட்ட காட்டணும். ரெண்டு நாள் சோர்வு சகஜம். ஆனா மூஞ்சி வீங்கி, மூச்சு வாங்கி, வாந்தி எடுத்தா ஒரு நிமிஷம் காத்திருக்காதீங்க.

பூனைக்காரி:
கார்டை இப்பத்தான் தேடி எடுத்தேன். ரேபிஸ் போன மாசமே தாண்டிருச்சு, நாளைக்கே போய் போடுறேன், கால்ல போடச் சொல்லி கேக்குறேன். மத்த மூணும் போன வருஷம்தான் போட்டிருக்கு, அதை இந்த வருஷம் வேணாம்னு சொல்லப்போறேன். கருப்பன் அண்ணா கோச்சுக்காதீங்க.

கருப்பன் அண்ணன்:
கோவமில்லமா. அடுத்த தேதிய மட்டும் இப்பவே போன்ல அலாரமா போட்டு வெச்சிரு.