வயிறு நிறைஞ்சும் பால் ஏறலையா? தீவனக் கணக்குல நீங்க பார்த்ததைச் சொல்லுங்க

கோபி விவசாயி:

எங்க சித்தப்பா கட்டுத்தறியில நடந்ததைச் சொல்றேனுங்க. வாய்க்கால் பாசனம், கோ 4ங்கற தீவனப்புல்லுக்குப் பஞ்சமே இல்லை. ஜெர்சிக் கலப்பு மாட்டுக்குக் காலையும் சாயங்காலமும் அறுத்துப் போட்டுட்டே இருப்பாரு. மாடும் வயிறு முட்டத் தின்னும். ஆனா கன்னு போட்டுக் கொஞ்ச நாள்லயே பால் இறங்கிருச்சு, இடுப்பு எலும்பு துருத்த ஆரம்பிச்சது. பூச்சி மருந்து குடுத்தாச்சு, மந்திரிச்சுக் கயிறும் கட்டியாச்சு, ஒண்ணும் ஆகலை.

அப்பத்தான் ஒரு கால்நடை டாக்டர் வந்தாரு. ஊசிப் பெட்டியைத் திறக்கவே இல்லை. டேப்பும் தொங்கு தராசும் கேட்டாரு. நெஞ்சுச் சுத்தளவு 66 அங்குலம். தோள் முனையிலிருந்து பின்பக்க எலும்பு முனை வரைக்கும் 60 அங்குலம். சுத்தளவை அதே சுத்தளவால பெருக்கி, அதை நீளத்தால பெருக்கி, 660ஆல வகுத்தாரு. 396 கிலோ வந்தது. 400னு வச்சுக்கலாம்னு சொல்லிட்டு, அடுத்தது புல்லை எடை போட்டாரு.

நாளுக்கு 40 கிலோ புல். சித்தப்பாவுக்கு அதுல ஒரு பெருமை. டாக்டர் கேட்டது ஒண்ணுதான்: "அறுத்து எத்தனை நாளுல மறுபடி அறுக்கறீங்க?" ஒரு மாசம்கூட விடறதில்லை. அந்த மாதிரி இளம்புல்லுல 100க்கு 85 பங்கு தண்ணிதானாம். அப்ப 40 கிலோவுல தண்ணி போக மிஞ்சற உலர்பொருள் 6 கிலோ. கறவையில இருக்கற மாட்டுக்கு உடம்பு எடையில 3 சதவீதம், அதாவது 12 கிலோ உலர்பொருள் வேணும். கூட வச்ச ஒரு படி தவிடும் புண்ணாக்கும் மீதியை ஈடு கட்டாது. கண்ணுக்கு வயிறு நிறைஞ்சு தெரியுது, மாடு பட்டினி.

10 லிட்டர் கறக்கற மாட்டுக்குன்னு அவர் எழுதிக் குடுத்த கணக்கு இது. அடர்தீவனம் (தானியம், தவிடு, புண்ணாக்கு கலந்தது) உடம்பைக் காப்பாத்த ஒன்றரை கிலோ, அதுக்கு மேல ரெண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ வீதம் 4 கிலோ. ஆக 5.5 கிலோ, அதுல உலர்பொருள் 5. நாப்பத்தஞ்சு நாள் விட்டு அறுத்த புல் 20 கிலோ, உலர்பொருள் 4. மீதி 3க்குக் காஞ்ச சோளத்தட்டு, மூணேகால் கிலோவுக்குச் சித்த கூட. அதோட தினம் 50 கிராம் தாது உப்பு. புல்லைப் பாதியாக் குறைக்கச் சொன்னதும் சித்தப்பாவுக்குக் கோபமே வந்துருச்சு. சித்திதான் பிடிவாதமா நின்னு கொஞ்சங்கொஞ்சமா மாத்துனாங்க. பால் ஏறுச்சு. அதைவிட எனக்கு நிம்மதி, விலா எலும்பு மறைஞ்சது.

கூடைக் கணக்குல தீவனம் போடற வரைக்கும் இது யாருக்கும் தெரியாதுங்க. நீங்க பார்த்ததையும் எழுதுங்க.

பேராவூரணி:

எங்க டெல்டாவுல கதை நேர் எதிர் தம்பி. போர் போரா வைக்கோல். உலர்பொருள் 90 சதவீதம் இருக்கும், ஆனா அதுல புரதம் 3, 4 சதவீதம்தான். அதையே தின்னுட்டு நிக்கிற மாடு சாகாது, சினைக்கும் வராது. எங்க தெருவுல ஒரு பசு வருஷக்கணக்கா மலடுன்னு பேர் வாங்கி, சந்தைக்கு ஓட்டிட்டுப் போற நிலைமைக்கு வந்துடுச்சு. வைக்கோல்ல இருக்கிற ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்புல சேரவிடாம பிடிச்சுக்கும், பாஸ்பரஸும் அதுல ரொம்பக் குறைவு. அந்த வீட்டு அம்மா தாது உப்பும், வேலியில கிடந்த அகத்தி, கிளைரிசிடியா தழையும் விடாமப் போட்டாங்க. பிறகு பருவத்துக்கு வந்தது, சினையும் பிடிச்சது. மாட்டு மேல பழி போடறதுக்கு முன்னாடி அது முன்னால என்ன கிடக்குதுன்னு பார்க்கணும்.

ராசிபுரம் அக்கா:

தேசியப் பால்வளத் திட்டத்துல தீவனச் சமச்சீர் வேலைக்கு ஊர் ஊருக்கு ஆள் எடுத்தப்ப நானும் போனேன். காதுல 12 இலக்க எண் போட்ட தோடு மாட்டி, மாட்டை அளந்து, பாலையும் கொழுப்பையும் குறிச்சு, வீட்ல இருக்கிற தீவனம் எல்லாத்தையும் கணினியில ஏத்துவோம். குஜராத் ஆனந்த்ல இருக்கிற தேசியப் பால்வள வாரியத்தோட மென்பொருள், இருக்கிறதை வச்சே குறைஞ்ச செலவுல என்ன கலக்கலாம்னு சொல்லும். போன வீடுகள்ல அதிகமாப் பார்த்தது இதுதான்: புண்ணாக்குக்குக் கையை மீறிச் செலவு, தாது உப்பு மட்டும் சுத்தமா இல்லை.

மறக்காத ஒரு வீடு. நல்ல வசதி, அடர்தீவனம் மூட்டை மூட்டையா அடுக்கியிருந்தது. பால் குறையலை, ஆனா சொசைட்டிச் சீட்டுல கொழுப்பு 4க்கு மேல இருந்தது 3க்கு இறங்கிடுச்சு. தண்ணி கலக்கறாங்கன்னு ஊர்ப்பேச்சு வேற. அந்த வீட்டுப் பொண்ணு அழுதுடுச்சு. நான் போனது மத்தியானம். மாடுங்க படுத்திருக்கு, ஒண்ணுகூட அசை போடலை. சாணி கூழ் மாதிரி, முழு மக்காச்சோளம் அப்படியே வெளியே வந்திருக்கு. விடியக்காலைல வெறும் வயித்துல ஆறு கிலோ அடர்தீவனம் ஒரே தடவையா, அப்புறம் பொடியா நறுக்கின பசும்புல். காஞ்ச தட்டு கண்ணுலயே காட்டலை.

நார் இருந்தாத்தான் மாடு அசை போடும். அசை போட்டாத்தான் உமிழ்நீர் ஊறும், அதுல இருக்கிற சோடா உப்பு வயித்துப் புளிப்பை அடக்கும். நார் செரிக்கும்போது வர்ற அசிட்டிக் அமிலம்தான் மடியில கொழுப்பா மாறுது. தட்டை முதல்ல போட்டு, அடர்தீவனத்தைக் குறைச்சு நாலு வேளையாப் பிரிச்சுக் குடுக்கச் சொன்னேன். கொழுப்பு திரும்பி வந்தது. அந்தப் பொண்ணு மேல விழுந்த சந்தேகம் போனதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

திருமங்கலம், ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:

அக்கா சொன்ன அந்தப் புளிப்பு முத்தினா உயிரையே எடுத்துடும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எங்களுக்கு ஓய்வே கிடையாது. பாசத்துல பானைப் பொங்கலையும் வாழைப்பழத்தையும் வெல்லத்தையும் அள்ளி வச்சிருப்பாங்க. கல்யாண வீட்டு மிச்சச் சோறும் இதே கதைதான். பழக்கமில்லாத மாவுச்சத்து முதல் வயித்துல சட்டுனு புளிச்சு லாக்டிக் அமிலமா மாறும். வயிறு உப்பும், அசை நிக்கும், புளிச்ச வாடையோட தண்ணியாக் கழியும், தள்ளாடிப் படுத்துடும். இதுல நேரம்தான் எல்லாம். உடனே டாக்டரைக் கூப்பிடுங்க. கை வைத்தியம்னு மூக்கைத் தூக்கிப் பிடிச்சு எண்ணெய் ஊத்தாதீங்க; புரையேறி நுரையீரலுக்குப் போய், அதனாலயே செத்த மாடுகளைப் பார்த்திருக்கேன். கும்பிடறதுக்கு ஒரு கைப்பிடிப் பொங்கல் போதும்.

மானாவாரி ஆளுங்களுக்கு இன்னொண்ணு. மழை ஏமாத்தி முழங்கால் உயரத்துல வாடி நிக்கிற சோளப்பயிர்ல மாட்டை அவுத்து விடாதீங்க. அதுல சயனைடு நஞ்சு இருக்கும். பூ எடுத்த பிறகு அறுத்துப் போடுங்க.

விழுப்புரம்:

பேராவூரணி அண்ணே, எங்ககிட்டயும் வைக்கோல்தான், பசுந்தீவனத்துக்குத் தண்ணி கிடையாது. யூரியா போட்டு ஊற வைக்கலாம்னு சொல்றாங்களே, பயமா இருக்கு. செஞ்சவங்க சொல்லுங்களேன்.

பேராவூரணி:

செய்யலாம்மா, அளவு தப்பக்கூடாது. 100 கிலோ வைக்கோலுக்கு யூரியா 4 கிலோ, தண்ணி 50 லிட்டருக்குக் குறையாம. யூரியாக் குருணை ஒண்ணுகூட அடியில தங்காமக் கரைச்சுக்கங்க. தரையில ஷீட் விரிச்சு, வைக்கோலை அடுக்கடுக்காப் பரப்பி, பூவாளியில சீராத் தெளிச்சு, மிதிச்சு மிதிச்சுக் காத்தை வெளியேத்தணும். மேல ஷீட்டால இறுக்கி மூடி ஓரத்துல மண் அணைச்சு 21 நாள் விடுங்க. பிரிச்சா மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்துல மெத்துன்னு இருக்கும். புரதம் 7, 8 சதவீதத்துக்கு வந்துடும். பூஞ்சை பிடிச்ச பகுதி இருந்தா எருக்குழிக்குத் தள்ளிடுங்க. அன்னன்னைக்குத் தேவையானதை மட்டும் எடுத்து, ஒரு மணி நேரம் காத்தாடப் பரப்பி வாடை போன பிறகு போடுங்க. முதல்ல சாதா வைக்கோலோட கலந்து பழக்குங்க. ஆறு மாசத்துக்கு உட்பட்ட கன்னுக்கு வேண்டவே வேண்டாம், அதோட வயிறு இன்னும் அதுக்குப் பக்குவப்படலை. யூரியா கரைச்ச வாளியையும் மிச்சத் தண்ணியையும் மாடு எட்டாத இடத்துல வைங்க.